மூக்கின் மேல் ஓர் அலுவலகம்

'நிலம்' என்ற சொல்லுக்கும் 'நீலம்' என்ற சொல்லுக்கும் உள்ள வித்தியாசம், மேல்விலங்கில் ஒரு சின்னச் சுழி. 'பல'வுக்கும் 'பல்'லுக்கும் நடுவே ஒரே ஒரு புள்ளி. நாள் முழுக்கக் கணினியில் தமிழ் படிப்பவர்கள் இதையெல்லாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கண் தானாகப் பிடித்துக்கொள்கிறது. அந்தத் திரையை நகர்த்தி வைத்துவிட்டு, முகத்தில் ஒரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, காற்றில் மிதக்கும் திரையில் அதே பக்கத்தைப் படிக்கச் சொன்னால், முதலில் தகராறு செய்வது இந்தச் சுழியும் புள்ளியும்தான்.

மேசையில் இனி மானிட்டரே வேண்டாம், கண்ணாடி போட்டுக்கொண்டால் போதும், எதிரே எத்தனை திரை வேண்டுமோ அத்தனையும் விரியும், அமெரிக்காவில் இருக்கும் சக ஊழியர் உங்கள் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வந்து உட்காருவார் என்று கடந்த பத்தாண்டுகளாகப் பெரிய நிறுவனங்கள் சொல்லி வருகின்றன. மைக்ரோசாஃப்ட் 2015 ஜனவரியில் ஹோலோலென்ஸை அறிவித்தது. இன்று மெட்டா எனப்படும் ஃபேஸ்புக் நிறுவனம் 2021 ஆகஸ்டில் 'ஹொரைசன் வொர்க்ரூம்ஸ்' என்ற மெய்நிகர் கூட்ட அறையைத் திறந்தது. 2024 பிப்ரவரி 2 அன்று ஆப்பிள் தன் விஷன் ப்ரோவை 3,499 டாலருக்கு, நம் கணக்கில் மூன்று லட்ச ரூபாய்க்கு அருகில், கடைக்குக் கொண்டுவந்தது. இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேர் இதைப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள்? விலையை மட்டும் காரணம் சொல்லித் தப்பித்துவிட முடியாது. கண்ணும் கழுத்தும் எதிரே இருப்பவர் முகமும் வைக்கும் நிபந்தனைகள் வேறு.

முதலில் எழுத்து. நம் ஊர்க் கண் மருத்துவர் '6/6' என்று எழுதித் தந்தால், உங்கள் கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள விவரத்தைப் பிரித்துப் பார்க்கும் என்று பொருள். ஆகவே திரை தன் பிக்சல்களை மறைக்க வேண்டுமென்றால், கண்ணில் விழும் ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 60 பிக்சல் வைத்திருக்க வேண்டும். நம் மேசைகளில் சாதாரணமாக இருக்கும் 24 அங்குல ஃபுல் ஹெச்டி மானிட்டரை 60 செ.மீ. தள்ளி வைத்துப் பார்த்தால் பாகைக்கு 40 பிக்சல் கிடைக்கிறது. 27 அங்குல 4கே மானிட்டர் என்றால் 70ஐத் தாண்டும். மெட்டாவின் குவெஸ்ட் 3 ஹெட்செட் தருவது 25. விஷன் ப்ரோவைப் பிரித்துப் போட்டு ஆராய்ந்தவர்கள் சொன்ன எண் 34. அதன் இரண்டு திரைகளில் மொத்தம் 2.3 கோடி பிக்சல் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அந்தப் பிக்சல்களை அகலமான ஒரு காட்சி முழுவதற்கும் பங்கு போட வேண்டும். உங்கள் எழுத்து இருக்கும் இடத்துக்கு வருவது அந்தப் பங்கு மட்டுமே.

இதைத் தமிழுக்குப் பொருத்திப் பார்ப்போம். 12 பாயின்ட் எழுத்தின் உயரம் நாலே கால் மில்லிமீட்டர். 60 செ.மீ. தூரத்திலிருந்து அது 0.4 பாகை. 4கே மானிட்டரில் அந்த உயரத்துக்கு 29 பிக்சல் கிடைக்கும். சாதாரண மானிட்டரில் 16. குவெஸ்ட் 3இல் 10. பத்துப் பிக்சலுக்குள் மெய்யெழுத்தின் உடலும், அதற்கு மேலே புள்ளியும், இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளியும் அடங்க வேண்டும். புள்ளிக்கு ஒரு பிக்சல் கிடைத்தால் அதிர்ஷ்டம். 'ண'வின் மூன்று சுழியும் 'ன'வின் இரண்டு சுழியும் ஒரே மாதிரி கறுத்த முடிச்சாகத் தெரியும். ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்குச் சுமாராகத் தெரியும் திரை, தமிழிலோ சீனத்திலோ படிப்பவர்களுக்குப் போதாது என்பது இதனால்தான்.

இதோடு விடவில்லை. மேசை மானிட்டரில் ஒவ்வொரு பிக்சலும் அசையாமல் நிற்கிறது. எழுத்துருவை வடிவமைத்தவர்கள் அந்தக் கட்டத்துக்கு ஏற்றபடி கோடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஹெட்செட்டில் மிதக்கும் திரையின் பிக்சல் கட்டம் ஒன்று, கண்ணுக்கு முன்னால் இருக்கும் உண்மையான திரையின் கட்டம் இன்னொன்று. தலை மயிரிழை அசைந்தாலும் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. போதாக்குறைக்கு லென்ஸின் வளைவைச் சரிக்கட்டப் படத்தை இன்னொரு முறை வளைத்து அனுப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் எழுத்தின் விளிம்பு கொஞ்சம் கரைகிறது. 2024 டிசம்பரில் விஷன் ப்ரோவுக்கு வந்த மென்பொருள், மேக் கணினியின் திரையை இரண்டு 4கே மானிட்டர் அகலத்துக்கு விரித்துக் காட்டியது. விளம்பரத்தில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 4கே என்பது உள்ளே அனுப்பப்படும் படத்தின் அளவு. கண்ணுக்கு வந்து சேர்வது, பாகைக்கு எத்தனை பிக்சல் என்ற பழைய கணக்குதான். திரையை அருகே இழுத்துப் பெரிதாக்கினால் எழுத்து தெளியும், கழுத்து திரும்ப வேண்டியிருக்கும். எதையாவது ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

*

இந்த ஆசை புதிதல்ல. 1968இல் அமெரிக்கக் கணினி அறிஞர் ஐவன் சதர்லேண்ட், தலையில் மாட்டும் காட்சிக் கருவி ஒன்றைச் செய்து கட்டுரை வெளியிட்டார். இரண்டு சின்னப் படக்குழாய்கள், பாதி ரசம் பூசிய கண்ணாடிகள். அறையும் தெரியும், அறையின் நடுவே ஒளிக்கோடுகளால் ஆன ஒரு கனசதுரமும் தெரியும். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அளக்க, உத்தரத்திலிருந்து ஓர் உலோகத் தண்டு தொங்கி வந்து தலைக்கருவியில் இணைந்திருந்தது. தலைக்கு மேல் கத்தி தொங்கும் பழைய கிரேக்கக் கதையை வைத்து, அதற்கு 'டமோக்ளிஸின் வாள்' என்று பெயர் வந்தது. பெயரில் கேலி இருந்தாலும் கருவியில் இருக்க வேண்டியவை எல்லாமே இருந்தன: காட்சி, ஒளி கலக்கும் கண்ணாடி, தலையின் அசைவை அளக்கும் வழி. பிறகு வந்த அத்தனை பேரும் இந்த மூன்றையும் சிறிதாக்கும் வேலையைத்தான் செய்கிறார்கள்.

'ஆக்மென்டட் ரியாலிட்டி', அதாவது மிகை மெய்ம்மை, ஏ.ஆர். என்ற பெயர் பிறந்தது அலுவலகத்தில் இல்லை, விமானத் தொழிற்சாலையில். 1990களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தின் டாம் காடெல், டேவிட் மிசெல் இருவரும் வயர் கட்டும் தொழிலாளர்களின் சிரமத்தைப் பார்த்தார்கள். ஒரு விமானத்துக்குள் ஓடும் வயர்க்கட்டுகளைப் பெரிய பலகைகளில் வரைபடம் ஒட்டி, அதன்மேல் ஒவ்வொரு வயராகப் போட்டுக் கட்டுவார்கள். பலகைக்கு ஒரு வரைபடம், மாடலுக்கு ஒரு பலகை. வரைபடத்தைப் பலகையில் ஒட்டுவதற்குப் பதில் தொழிலாளியின் கண்ணாடியில் காட்டினால் ஒரே வெறும் பலகை போதுமே என்பதுதான் யோசனை. இதில் கவனிக்க ஒன்று உண்டு. அவர்கள் மானிட்டரை ஒழிக்கக் கிளம்பவில்லை. கை வேலையில் இருக்கிறது, கண்ணும் அந்த வேலையிலேயே இருக்க வேண்டும், தகவலும் அங்கேயே வர வேண்டும் என்ற தேவை இருந்தது. உட்கார்ந்து எக்செல் தட்டுபவருக்கு அந்தத் தேவை இல்லை. அத்தியாயத்தின் கடைசியில் இந்த வேறுபாடு நமக்கு உதவும்.

*

உண்மை உலகத்தின் மேல் படத்தை ஏற்றுவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று சதர்லேண்டின் வழி: கண்ணாடி வழியே உலகம் நேராகத் தெரிகிறது, அதன்மேல் ஒளி சேர்கிறது. ஹோலோலென்ஸும் எக்ஸ்ரியல் போன்ற லேசான கண்ணாடிகளும் இந்த வகை. இன்னொன்று, முகத்தை முழுக்க மூடிவிட்டு, வெளியே உள்ள கேமராக்கள் பிடிக்கும் படத்தை உள்ளே திரையில் ஓட்டுவது. விஷன் ப்ரோவும் குவெஸ்டும் அப்படி.

முதல் வழியில் ஒளியைச் சேர்க்க முடியும், எடுக்க முடியாது. எனவே கறுப்பு என்ற நிறமே கிடையாது. கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் எதிர்ச் சுவர் தெரியும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்ற, நூற்றாண்டுகளாகப் பழகிய ஏற்பாடு இங்கே தலைகீழாகிறது: எழுத்து ஓட்டையாகவும் தாள் ஒளியாகவும் நிற்கும். ஜன்னலோர மேசையில் மத்தியான வெயில் அடித்தால் அந்த ஒளித்தாளும் வெளுத்துப்போகும். அதனால்தான் லேசான கண்ணாடிகள் வெளிப்புறத்தில் கறுப்புத் தகடு போட்டு அறையை இருட்டாக்குகின்றன. அறையை இருட்டாக்கிவிட்டால் மிகை மெய்ம்மையில் மெய்ம்மை எங்கே மிச்சம் என்று கேட்கத் தோன்றுகிறது.

பரப்பும் சின்னது. ஹோலோலென்ஸ் 2இன் காட்சிப் பரப்பு மூலைக்கு மூலை 52 பாகை. சாதாரண 24 அங்குல மானிட்டரை 60 செ.மீ. தூரத்தில் வைத்தால் அதன் மூலைவிட்டமே 54 பாகை வருகிறது. எண்ணற்ற திரைகள் என்று சொன்னவர்கள் ஒரே சமயத்தில் காட்ட முடிந்தது ஒரு மானிட்டருக்கும் கொஞ்சம் குறைவு.

இரண்டாவது வழியில் கறுப்பு கறுப்பாகவே வரும். பரப்பும் அகலம். ஆனால் உலகமே ஒரு நேரடி ஒளிபரப்பாகிவிடுகிறது. நீங்கள் தலையைத் திருப்பும்போது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு அதை உணர்ந்து, சுமார் பத்து மில்லி நொடிக்குள் கண்ணை எதிர்த்திசையில் திருப்பிவிடும். ஓடிக்கொண்டே பெயர்ப்பலகை படிக்க முடிவது இந்த அனிச்சைச் செயலால்தான். கேமரா படம் தாமதமாக வந்தால் காது ஒன்று சொல்கிறது, கண் இன்னொன்று சொல்கிறது; மூளை குழம்பி, வயிற்றைப் புரட்டுகிறது. நொடிக்கு 100 பாகை வேகத்தில் தலை திரும்பும்போது 50 மில்லி நொடி தாமதம் என்றால், எதிரே உள்ள காப்பி டம்ளர் 5 பாகை தள்ளித் தெரியும். கை நீட்டும் தூரத்தில் அது ஐந்து சென்டிமீட்டர். டம்ளர் கவிழப் போதுமான தூரம். இதற்காகவே ஆப்பிள் ஆர்1 என்று தனியாக ஒரு சில்லைச் செய்து, கேமரா பிடித்த படம் 12 மில்லி நொடிக்குள் கண்ணுக்குப் போகும்படி அமைத்தது. அந்தப் பொறியியலைப் பாராட்டியே ஆக வேண்டும். ஆனாலும் ஸ்டான்ஃபோர்டில் ஜெரமி பெய்லென்சனின் ஆய்வுக்குழுவினர் தாங்களே இத்தகைய ஹெட்செட்களைப் போட்டுக்கொண்டு வெளியே நடமாடி 2024இல் எழுதிய கட்டுரையில், தூரத்தைத் தவறாகக் கணிப்பதும், எதிரே நிற்கும் மனிதர்கள் உண்மையில் அங்கே இல்லாதது போன்ற உணர்வும் பதிவாகியிருக்கின்றன.

*

இனி, சில்லு எத்தனை வேகமானாலும் தீராத ஒரு சிக்கல். உங்கள் ஆள்காட்டி விரலை முகத்துக்கு எதிரே நீட்டி, மெல்ல மூக்கை நோக்கிக் கொண்டுவாருங்கள். இரண்டு காரியங்கள் சேர்ந்தே நடக்கும். இரு கண்களும் உள்நோக்கித் திரும்பும். ஒவ்வொரு கண்ணிலும் லென்ஸ் உப்பித் தன் குவியத்தை அருகே கொண்டுவரும். பிறந்ததிலிருந்து இவை ஒரே நுகத்தில் பூட்டிய இரட்டை மாடுகள். ஒன்று நகர்ந்தால் மற்றதும் நகரும்.

ஹெட்செட்டுக்குள் இருக்கும் ஒளியியல், படத்தை ஒரே தூரத்தில்தான் குவிக்கிறது. ஹோலோலென்ஸில் அது 2 மீட்டர். மிதக்கும் திரையை நீங்கள் அரை மீட்டரில் வைத்தால், இரு கண்களும் அரை மீட்டருக்கு ஏற்றபடி 7 பாகை உள்நோக்கித் திரும்ப வேண்டும். லென்ஸ் மட்டும் 2 மீட்டரிலேயே நிற்க வேண்டும். ஒரு மாட்டை ஓட்டி, மற்றதை இழுத்துப் பிடிக்கிறோம். பார்வை அறிவியல் அறிஞர் மார்ட்டின் பேங்க்ஸும் அவரது கூட்டாளிகளும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, இந்த முரண்பாடு கண் களைப்பை உண்டாக்குகிறது, பார்ப்பதையும் மந்தமாக்குகிறது என்பதைக் காட்டியது. அதாவது, ஹெட்செட் போட்ட அரை மணியில் புருவத்துக்கு நடுவே வலித்தால் அது மனப்பிரமை இல்லை.

பரிகாரமும் இருக்கிறது, செலவே இல்லாமல். திரையை மேசை தூரத்தில் வைக்காமல் இரண்டு மீட்டர் தள்ளி, அதற்கேற்ப நாலு மடங்கு பெரிதாக வையுங்கள். கண்ணில் விழும் கோணம் அதேதான், எழுத்தின் அளவும் மாறாது, மாடுகள் இரண்டும் ஒரே இடத்தில் நிற்கும். ஹெட்செட்டில் வேலை செய்ய முயன்று கைவிட்டவர்களில் பலர், பழக்கத்தில் திரையை மேசைமேல் கொண்டுவந்து வைத்துக்கொண்டவர்களாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இதில் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. நாற்பத்தைந்தைத் தாண்டினால் லென்ஸ் இறுகிவிடுகிறது. உப்பச் சொன்னாலும் உப்பாது. இழுத்துப் பிடிக்க மாடே இல்லை என்பதால் இந்த முரண்பாடு அவர்களை அவ்வளவாகப் படுத்தாது. மேசை மானிட்டருக்காகத் தலையை அண்ணாந்து, கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியே பார்த்துக் கழுத்து நோகிறவர்களுக்கு, இரண்டு மீட்டரில் நிற்கும் திரை உண்மையிலேயே சௌகரியம். இளைஞர்களுக்கென்று விற்கப்படும் கருவி அப்பாக்களின் கண்ணுக்கு அதிகம் ஒத்துப்போகிறது. இதை எந்த விளம்பரமும் சொல்லிப் பார்த்ததில்லை. ஆனால் பவர் கண்ணாடி போடுபவர்கள் விஷன் ப்ரோவுக்குத் தனியாக லென்ஸ் செய்து உள்ளே பொருத்த வேண்டும். வீட்டில் இரண்டு பேருக்கு வேறு வேறு பவர் என்றால் ஒருவர் கருவியை மற்றவர் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது.

கழுத்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹோலோலென்ஸ் 2இன் எடை 566 கிராம், குவெஸ்ட் 3 சுமார் 515. முதல் விஷன் ப்ரோ 600 முதல் 650 வரை, அதுவும் 353 கிராம் பேட்டரியைச் சட்டைப் பையில் தனியாகத் தொங்கவிட்ட பிறகு. கனம் எவ்வளவு என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். முகத்துக்கு முன்னால் தள்ளி நிற்கும் ஒவ்வொரு கிராமும் நெம்புகோல் போட்டுத் தலையைக் குனிய வைக்கிறது. பின்கழுத்துத் தசை நாள் முழுக்க அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். 2025 அக்டோபரில் வந்த, எம்5 சில்லு வைத்த விஷன் ப்ரோவுக்கு ஆப்பிள் கண்டுபிடித்த தீர்வைக் கேளுங்கள்: பின்பக்கப் பட்டையில் டங்ஸ்டன் கட்டிகளைத் தைத்து எதிர்ப்பாரம் ஏற்றினார்கள். எடை 750 முதல் 800 கிராம் ஆனது. கனமாக்கினால்தான் சுகமாகிறது! பௌதிகப்படி சரிதான், ஆனால் முக்கால் கிலோவைத் தலையில் வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் யார் உட்காருவார்கள்? கொண்டை போட்டவர்களும் பின்னலை உயர்த்திக் கட்டியவர்களும் அந்தப் பட்டையை எங்கே பொருத்துவார்கள் என்பது தனிக் கேள்வி.

*

எட்டு மணி நேரம் யார் உட்காருவார்கள் என்று கேட்டேன். உட்கார்ந்திருக்கிறார்கள். ஜெர்மனியின் கோபர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெரேனா பீனரும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் ஒன்று. காரணம் எளிது: ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்துவிட்டு 'அருமை' என்று எழுதியவர்கள் ஏராளம். இவர்கள் ஒரு முழு வேலை வாரத்தை எடுத்துக்கொண்டார்கள். நாளைக்கு எட்டு மணி, ஐந்து நாள் ஹெட்செட்டில். அதே ஆள்கள் இன்னொரு வாரம், அதேபோல எட்டு மணி, சாதாரண மேசையில். பயன்படுத்தியது கடையில் எல்லோருக்கும் கிடைத்த குவெஸ்ட் 2. அது முழு மெய்நிகர் வகை, அறை தெரியாது. ஆனால் எழுத்து, குவியம், எடை என்ற மூன்று தொல்லைகளும் இரண்டு வகைக்கும் பொது.

பதினாறு பேர் முடித்தார்கள். இன்னும் இரண்டு பேர் முதல் நாளே ஒற்றைத் தலைவலியும் குமட்டலும் தாங்காமல் விலகினார்கள். முடித்தவர்களிடத்தில் வேலைச் சுமை உணர்வு மேசை வாரத்தைவிட ஏறத்தாழ 35 சதவீதம் அதிகம். எரிச்சல் 42 சதவீதம் அதிகம். கண் உளைச்சல் 48 சதவீதம் அதிகம். எவ்வளவு வேலை முடித்தோம் என்று அவர்களே போட்டுக்கொண்ட மதிப்பெண்ணும் குறைந்தது. இதை மட்டும் மேற்கோள் காட்டி, 'பார்த்தீர்களா, தோல்வி' என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது: நாளாக நாளாக இந்தத் தொல்லைகளில் சில மெல்லக் குறைந்தன. உடம்பு பழகிக்கொள்கிறது. பழகிக்கொள்ள வேண்டிய அளவுக்கு அதில் என்ன ஆதாயம் என்பதற்குத்தான் பதில் வேண்டும்.

ஆதாயம் உள்ள ஓர் இடம் எனக்குத் தெரிகிறது. இரவு ரயிலில் மேல் பெர்த்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு குனிந்து வேலை பார்ப்பவர், அல்லது ஒரு படுக்கையறை வீட்டில் சாப்பாட்டு மேசைதான் அலுவலகம் என்று இருப்பவர். எண்பது கிராம் சொச்சம் எடையில் கிடைக்கும் எக்ஸ்ரியல் வகைக் கண்ணாடிகள் கண்ணுக்கு ஒரு ஃபுல் ஹெச்டி திரையைச் சின்னப் பரப்பிலேயே அடக்குவதால், பாகைக்கு ஐம்பதுக்கு அருகில் பிக்சல் தருகின்றன. எழுத்து விஷயத்தில், மூன்று லட்ச ரூபாய்க் கருவியை அவை முந்திவிடுகின்றன. ஒரே ஒரு திரைதான், மாயம் ஒன்றும் கிடையாது. பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்க்க முடியாது, கழுத்தும் நிமிர்ந்திருக்கும். அது போதும்.

*

கூட்டங்களுக்கு வருவோம். வீடியோ கூட்டம் ஏன் களைக்க வைக்கிறது என்று 2021இல் பெய்லென்சன் நான்கு காரணம் சொன்னார்: அத்தனை முகங்களும் மிக அருகே நின்று நம்மையே முறைப்பது, நம் முகத்தையே நாம் பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் ஒரே சட்டத்துக்குள் உட்கார வேண்டியிருப்பது, சைகைகளை அனுப்பவும் வாங்கவும் மெனக்கெட வேண்டியிருப்பது. இவற்றில் முதல் மூன்றையும் ஹெட்செட் கொள்கை அளவில் தீர்க்கிறது. ஆள்கள் நாற்காலி தூரத்தில் உட்காருவார்கள், நம் முகம் நம் எதிரே தெரியாது, எழுந்து நடக்கலாம்.

குரலில் கிடைக்கும் லாபம் இன்னும் பெரிது. ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒலி, ஒரு காதுக்கும் மற்றக் காதுக்கும் இடையே அதிகபட்சம் ஒரு மில்லி நொடியில் மூன்றில் இரண்டு பங்கு முன்பின்னாகச் சேர்கிறது. இத்தனூண்டு வித்தியாசத்தை வைத்தே மூளை திசையைக் கணித்து, கல்யாண மண்டபத்து இரைச்சலிலும் ஒருவர் பேச்சைப் பிரித்துக் கேட்கிறது. சாதாரண வீடியோ கூட்டத்தில் எட்டுப் பேர் குரலும் ஒரே ஓட்டையிலிருந்து வருவதால் இரண்டு பேர் சேர்ந்து பேசினாலே எல்லாம் கூழாகிவிடுகிறது. இடது நாற்காலிக்காரர் குரல் இடப்புறத்திலிருந்து வந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் இதற்கு ஹெட்செட் தேவையே இல்லை. நல்ல இயர்போனும் மென்பொருளும் போதும்.

தாமதத்தை எந்தக் கருவியும் தீர்க்காது. ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளியைப் பத்து மொழிகளில் அளந்து 2009இல் வந்த ஆய்வில், அது பொதுவாக 200 மில்லி நொடியைச் சுற்றியே இருந்தது. தொலைபேசித் தரங்களை வகுக்கும் பன்னாட்டு அமைப்பு ஒருவழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருப்பது நல்லது என்கிறது. சென்னைக்கும் கலிஃபோர்னியாவுக்கும் இடையே இணையம் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். 'நீங்க சொல்லுங்க', 'இல்ல, நீங்க சொல்லுங்க' என்ற சங்கடம் முப்பரிமாணத்திலும் தொடரும்.

பிறகு முகம். சாதாரண மடிக்கணினியில் கேமரா மேலே, எதிராளியின் கண் கீழே. 60 செ.மீ. தூரத்தில் 15 செ.மீ. இறக்கம் என்றால் 14 பாகை. கீழ்நோக்கிய பார்வையை நாம் ஐந்து பாகை வரைதான் கண்ணோடு கண் என்று ஏற்கிறோம் என்பதை மில்டன் சென் 2002இல் காட்டினார். அதனால்தான் எல்லோரும் எங்கோ பார்த்துக்கொண்டு பேசுவது போலிருக்கிறது. விஷன் ப்ரோ போன்ற ஹெட்செட்களுக்குள் கண்ணையே பார்க்கும் கேமராக்கள் இருக்கின்றன. பார்வை எங்கே என்று துல்லியமாகத் தெரியும். ஆனால் அந்தக் கண்ணை எதிராளிக்குக் காட்ட முடியாது, ஏனென்றால் முகத்தை மூடியிருப்பதே ஹெட்செட்தான்.

மெட்டா இதற்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத பொம்மைகளை அனுப்பியது. 2022 அக்டோபரில் முகபாவம் படிக்கும் கேமராக்களோடு குவெஸ்ட் ப்ரோ 1,499 டாலருக்கு வந்தது. ஐந்தே மாதத்தில் விலை 999 ஆனது. ஆப்பிளின் வழி வேறு: கூட்டத்துக்கு முன்பே கருவியைக் கழற்றிக் கையில் பிடித்து, அதன் முன்புறக் கேமராவுக்கு முகத்தைக் காட்டி, இடம் வலம் திருப்பி, சிரித்து, புருவம் உயர்த்தி, கண்ணை மூடிக் காட்டினால், உங்கள் முகத்தின் பிரதி ஒன்று தயாராகும். பிறகு நீங்கள் பேசும்போது அந்தப் பிரதி உங்களுக்காக வாயசைக்கும். நாளுக்கு நாள் அது நன்றாகி வருகிறது. ஆனாலும் மனிதனைப் போல ஏறக்குறைய இருப்பது, மனிதனைப் போலவே இல்லாததைவிட அதிகம் அருவருப்பைத் தரும் என்று ஜப்பானிய ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி 1970இலேயே எழுதியிருக்கிறார். சம்பள உயர்வு பற்றிப் பேசும்போது எதிரே இருப்பவர் முகம் சுளித்தாரா, மென்பொருள் சுளித்ததா என்ற சந்தேகம் வந்துவிட்டால் அந்தக் கூட்டத்தின் கதை முடிந்தது.

கூகுள் இந்தப் பொறியிலிருந்து ஒதுங்கிக்கொண்டது. 2021இல் சுந்தர் பிச்சை அறிமுகப்படுத்திய 'ஸ்டார்லைன்' திட்டத்தில் தலையில் எதுவும் மாட்ட வேண்டாம். கனத்தைத் திரைக்கே மாற்றி, வெறுங்கண்ணுக்கு ஆழம் காட்டும் பெரிய திரையும் கேமராக்களும் வைத்தார்கள். முகம் மறையவில்லை. ஆனால் அன்று அது அறையளவு கருவியாக இருந்தது, வீட்டுக்கு வரக்கூடியதாக இல்லை.

அப்படியானால் ஹெட்செட் கூட்டம் எங்கேதான் உதவியது? 2020இல் கோவிட் உச்சத்தில் லண்டனின் இம்பீரியல் கல்லூரி மருத்துவமனைகளில். வார்டு சுற்றுக்கு முன்பெல்லாம் ஒரு குழுவே கிளம்பும். அப்போது ஒரு மருத்துவர் மட்டும் ஹோலோலென்ஸை மாட்டிக்கொண்டு நோயாளியிடம் போனார். மற்றவர்கள் வேறோர் அறையில் உட்கார்ந்து, அவர் கண் பார்ப்பதைத் தங்கள் திரையில் பார்த்தார்கள், அவரோடு பேசினார்கள், எக்ஸ்ரேயையும் பரிசோதனை முடிவையும் அவர் கண்முன் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர் கை, கையுறைக்குள், நோயாளியின் மேல். தொற்று ஆபத்துள்ள இடத்தில் ஊழியர்கள் செலவிட்ட நேரம் 83 சதவீதம் வரை குறைந்ததாக மருத்துவமனை தெரிவித்தது. பாதுகாப்பு உடைகளும் மிச்சமாயின. இங்கே யாரும் பொம்மை உருவில் வரவில்லை, யாரும் மானிட்டரை ஒழிக்கவில்லை. அறையில் இருந்தவர்களுக்கு மானிட்டர், நடமாடியவருக்கு மட்டும் கண்ணாடி. போயிங்கின் வயர்ப் பலகைக்கு யோசித்ததும் இதேதான்.

அந்த ஹோலோலென்ஸ் 2இன் உற்பத்தியை 2024இல் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பழுதுபார்க்கும் இடத்திலும் வார்டிலும் தொழிற்சாலையிலும் உண்மையாகவே பயன்பட்ட கருவி நின்றுபோனதும், எக்செல் பார்ப்பதற்கான கருவிகள் மேலும் மேலும் வருவதும் சந்தையின் கணக்கு. அறிவியலின் கணக்கு அல்ல.

ஆகவே உங்கள் அலுவலகத்தில் யாராவது இதைப் பரிந்துரைத்தால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: கூட்டத்தில் பேசப்போவது எழுந்து சுற்றிவந்து பார்க்க வேண்டிய பொருளா? இன்ஜின், கட்டடம், எலும்பு முறிவு என்றால் ஹெட்செட் வாங்கட்டும். மாதாந்திர அறிக்கை என்றால் நல்ல மைக்கோடு ஓர் இயர்போன் போதும். வாங்கித் தரும் மேலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இதை யாருக்கும் கட்டாயமாக்காதீர்கள். குமட்டுகிறது என்று ஒருவர் கழற்றி வைத்தால் அது சோம்பேறித்தனம் அல்ல, அவர் கண்ணும் காதும் சரியாக வேலை செய்கின்றன. கண் எங்கே பார்க்கிறது என்ற பதிவு யாரிடம் போகிறது என்பதையும் வாங்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.